முத்துச் சலாபமும் மேனாட்டுப் பல்லியமும்

பல இசைக்கருவிகள் ஒருங்கியைந்து ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் பல்லியம் என வழங்கினர். நெடும்பல்லியத்தனார் என்னும் பெயர் பூண்ட புலவர் சங்கத் தொகைகளுள் இடம்பெற்றிருத்தல் இச்சொல்லின் பழமைக்குச் சான்றாகும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் தொடர, முழவோடு ஆமந்திரிகை கூடிநின்று ஒலித்த முறை கூறப்படுகின்றது. எனவே பல கருவிகளை ஓர் ஒழுங்கில் நிறுத்தி இசைக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் இன்று அத்தகைய பெருங்குழுவை எண்ணும்போது மேனாட்டு மரபே நம் கண்முன் தோன்றுகின்றது. வில்லால் மீட்டப்படும் வயலின் முதலிய நரம்புக் கருவிகளின் குழு ஒரு வகை. குழல், கொம்பு, பறை ஆகியன கூடிய ஊதுகருவிக் குழு மற்றொரு வகை. பின்னது படைகளின் வாத்தியக் குழுவிலிருந்து வளர்ந்தது. மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்விரு குழுக்களையும் மாணவரே நடத்துவதும், ஆண்டுதோறும் அவை அரங்கேறுவதும் வழக்கமாகும்.

இக்குழுக்கள் தமக்கேற்ப மாற்றியமைத்து வாசிக்கும் உருப்படிகளுள் ஒன்று, பிரான்சிய இசையறிஞர் ஜோர்ஜ் பிசே இயற்றிய ‘முத்துக் குளிப்போர்’ என்னும் ஒப்பேராவில் வரும் இரு நண்பர் பாடலாகும். குழலும் ஹார்ப் என்னும் மேனாட்டு யாழும் தொடக்கிவைக்கும் அப்பாடலின் இசையை உலகின் பல பாகங்களிலும் இலட்சக்கணக்கானோர் கேட்டிருக்கின்றனர். அது பாடப்படும் களம் இலங்கையின் கடற்கரை என்பதை அவர்களுட் சிலர் அறிவர். அக்கடற்கரைக்கு உண்மையில் ஒரு பெயருண்டு, அங்கு வாழ்ந்தோர்க்கு ஒரு மொழியுண்டு, ஓர் இசையுமுண்டு என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபம் மேனாட்டுப் பல்லியத்துட் புகுந்த வரலாற்றையும், அவ்வாறு புகுந்தபோது எது உட்சென்றது, எது வெளியே நின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பேராவின் மன்னார்

பிசே 1857இல் உரோமைப் பரிசு பெற்றவர். அப்பரிசு பெற்ற இளைஞர் ஒருவரின் புதிய மூன்றங்க ஒப்பேராவை மேடையேற்றுதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு பாரிசு நகரின் தியேத்தர் லிரிக் அரங்கிற்கு ஆண்டுக்கு 100,000 பிராங்கு மானியம் வழங்கப்பட்டது. அதன் பயனாகப் பிசேக்கு இவ்வாய்ப்புக் கிட்டியது. கோர்மோன், கரே என்னும் இருவர் கதையையும் பாடல்களையும் எழுதினர். முதலில் அவர்கள் கருதிய களம் மெக்சிக்கோ ஆகும். பின்னரே அது இலங்கையாக மாற்றப்பட்டது. 1863 செப்ரெம்பர் 30ஆம் நாள் ஒப்பேரா அரங்கேறியபோது பிசேக்கு வயது இருபத்துநான்கு. பதினெட்டுக் காட்சிகளோடு அது நின்றுபோயிற்று. பத்திரிகை விமர்சகர் பலர் குறைகூறினர். முதுபெரும் இசையறிஞராகிய பேர்லியோஸ் மட்டும் அதன் அழகுகளை எடுத்துரைத்தார். பிசே 1875இல் இறந்த பின்னரே இப்படைப்பு மீண்டும் மேடையேறிப் புகழ்பெற்றது. மறுபதிப்பித்தோர் முடிவுப் பகுதியையும் நண்பர் பாடலையும் தம் விருப்பிற்கேற்ப மாற்றினர். 1970களிலேயே 1863ஆம் ஆண்டின் வடிவத்தை நோக்கித் திரும்பும் முயற்சிகள் வலுப்பெற்றன.

கதை சுருக்கமானது. கடற்கரையிற் கூடிய குளிப்போர் சுர்கா என்பவனைத் தம் தலைவனாகத் தெரிவுசெய்கின்றனர். பிரிந்திருந்த நண்பன் நாதீர் திரும்பி வருகின்றான். கண்டியிலே ஒரு கோயிலில் முகத்திரை அணிந்த பெண்ணொருத்தியை இருவருங் கண்டு மயங்கியதையும், நட்பின் பொருட்டு அவளைத் துறக்கத் துணிந்ததையும் நினைந்து பாடுவதே மேற்கூறிய புகழ்பெற்ற பாடல். பின்னர் லெய்லா என்னும் கன்னி திரையணிந்து வருகின்றாள். கற்புநெறி காத்துப் பாறை மீதிருந்து இரவு முழுவதும் பிரமனை வாழ்த்திப் பாடுதல் அவள் கடமை. அப்பாடல் தீய ஆவிகளை ஓட்டிக் குளிப்போரைக் காக்கும் என்பது நம்பிக்கை. அவளே பழைய கோயிற் பெண் என்பது தெரியவர, நாதீர் அவளை நாடிச் செல்கின்றான், விரதம் குலைந்தது எனப் பூசகன் நூராபாத் குற்றஞ்சாட்டுகின்றான், மரணதண்டனை விதிக்கப்படுகின்றது. சிறுவயதில் தன் உயிரைக் காத்தவள் லெய்லாவே என அறிந்த சுர்கா, குடிசைகளுக்குத் தீமூட்டிக் காதலர் இருவரையும் தப்பவிடுகின்றான்.

களம் மெக்சிக்கோவிலிருந்து இலங்கைக்கு இத்துணை எளிதில் மாறக்கூடியதாயிருந்தமை சிந்திக்கத்தக்கது. கதைக்கு வேண்டியது தொலைவிலுள்ள ஒரு கடற்கரையேயன்றி மன்னார் அன்று. லெய்லா, நாதீர், நூராபாத் ஆகிய பெயர்கள் அரபு, பாரசீகச் சாயலுடையன. வணங்கப்படும் தெய்வமோ பிரமன். கீழைத்தேயம் என்ற ஒரே பைக்குள் அனைத்தும் இடப்பட்டன. 1978இல் எட்வேட் சயித் தமது நூலிலே விளக்கிய கீழைத்தேயம் பற்றிய கற்பிதத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுதல் அரிது.

சலாபத்தின் மன்னார்

உண்மையான சலாபம் எவ்வாறிருந்தது? மன்னார்த் தீவிற்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு அப்பால், ஆழங்குறைந்த கடலின் அடியிற் கிடந்த பாறைத் திட்டுகளிலே முத்துச்சிப்பிகள் ஒட்டி வளர்ந்தன. இத்திட்டுகளைப் பார் என்பர். பெரியபார், சேவல்பார், மோதரகம்பார் ஆகியன அவற்றுட் புகழ்பெற்றவை. சிப்பி முதிர்ந்துள்ளதா என முன்கூட்டியே பார்வையிட்ட பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். ஆகவே அது ஆண்டுதோறும் நிகழும் ஒன்றன்று. பல ஆண்டுகள் தொடர்ந்து வெறுமையாய்க் கழிவதுமுண்டு.

சலாபம் அறிவிக்கப்பட்டதும் வெறும் மணற்கரை சில நாட்களில் ஒரு நகரமாகிவிடும். ஓலைக் குடிசைகளும் கடைகளும் எழும். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், மலையாளக் கரையினரும், அராபியரும், இலங்கைக் கரையோர மக்களும் அங்குக் கூடுவர். நள்ளிரவு கடந்ததும் தரைக்காற்றோடு தோணிகள் புறப்படும். பொழுது புலர்ந்து அடையாளங் காட்டப்பட்ட பின்னரே குளிப்புத் தொடங்கும். நண்பகலளவில் கடற்காற்று வீசத் திரும்புவர். ஒரு தோணியிற் பதின்மர் குளிப்போராயின் ஐவர் மூழ்க ஐவர் இளைப்பாறுவர். கல்லொன்றிலே காலை ஊன்றிக் கயிற்றைப் பற்றி இறங்கி, கழுத்தில் அல்லது இடையிற் கட்டிய வலைப்பையிற் சிப்பிகளை வாரியிட்டு, மேலுள்ளவன் கயிற்றை இழுக்க எழுந்து வருவர். நீருள் நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிட அளவேயாகும். கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையிலேயே குளிப்பவனின் உயிர் தங்கியிருந்தது.

கரைசேர்ந்த சிப்பிகள் பங்கிடப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குளிப்போர்க்கு நாலிலொரு பங்கும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மூன்றிலொரு பங்கும் கிடைத்தன. எஞ்சியது அரசுக்குரியது, மாலையிலே அது ஏலமிடப்பட்டது. வாங்கியோர் சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட அடைப்புகளிற் குவித்து அழுகவிட்டுப் பின் கழுவி முத்தெடுப்பர். அழுகிய சிப்பியின் நாற்றமும் ஈக்களும் சலாபத்தின் நீங்காத் துணைகளாயின. வாந்திபேதி பரவிச் சலாபம் இடைநடுவிற் கலைந்ததுமுண்டு.

இதற்குப் பின்னின்றது அரசியல் அதிகாரமாகும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியமைக்கு முத்தும் ஒரு காரணம். 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைப் பெற்றபோது முத்துவளத்தையும் உடன் பெற்றனர். 1796 முதல் 1798 வரை மூன்றாண்டுகள் அடுத்தடுத்துக் குளிக்கப்பட்டமையாற் பார்கள் வறிதாயின. ஆள்பதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்ய அரிப்பிலே கிரேக்கத் தூண்களின் பாணியிற் கட்டிய மாளிகை கடலரிப்பாற் சிதைந்து இடிபாடாகி நிற்கின்றது. 1906இல் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் கும்பனி ஒன்றிடம் பார்கள் ஒப்படைக்கப்பட்டன, 1907இன் பின் சிப்பி பொய்த்தது, கும்பனி கலைந்தது. யப்பானில் மிக்கிமொட்டோ 1893இல் தொடக்கிய வளர்ப்பு முத்து முயற்சி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் சந்தையை மாற்றியது. இவ்வாறு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தொழில் ஓய்ந்தது.

ஒப்பேராவிற் குளிப்போர் தம் தலைவனைத் தாமே தெரிவுசெய்கின்றனர். சலாபத்தில் அவர்கள் தெரிவுசெய்ய எதுவுமிருக்கவில்லை. எந்நாள் குளிப்பது, எப்பாரிற் குளிப்பது, எத்தனை தோணிகள் செல்வது, எப்பங்கு பெறுவது என்பன யாவும் பிறரால் விதிக்கப்பட்டன. அரங்கிலே அரசு மறைந்தபோது சுரண்டலும் உடன் மறைந்தது. அழகிய துயரமொன்று மட்டும் எஞ்சியது.

கடற்கட்டியும் லெய்லாவும்

எனினும் ஒப்பேராவை முற்றிலும் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. பாறை மீதிருந்து பாடிக் குளிப்போரைக் காக்கும் லெய்லாவுக்கு மன்னார்க் கரையில் மெய்யான முன்னோன் ஒருவன் உண்டு. அவன் கடற்கட்டி எனப்பட்டான். சுறாவின் வாயைக் கட்டுபவன் என்பது பொருள். அவனின்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, குளிப்போர் தாம் பெற்றதிற் பத்திலொரு பங்கை அரசனுக்கும் இருபதிலொரு பங்கை மீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கும் கொடுத்தனர் என்கின்றார். அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது அவிழ்த்துவிடப்படும். இரவிலே களவாகக் குளிப்போர் சுறாவிற்கு அஞ்சுவர் என்பது இதன் உட்பொருளாகலாம். மந்திரம் காவலாக மட்டுமன்றிச் சட்டமாகவும் தொழிற்பட்டது என இதனைக் கொள்ளலாம்.

1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலப் படையலுவலர் றொபேட் பேர்சிவல், கடற்கட்டிகள் காலை முதல் தோணிகள் திரும்பும்வரை கரையில் நின்று ஓயாது மந்திரம் முணுமுணுத்ததையும், அதுவரை உண்ணாமலும் பருகாமலும் இருத்தல் வேண்டுமென்ற விதியையும் குறிப்பிடுகின்றார். சிலர் கள்ளருந்தி அவ்விதியைத் தளர்த்தினர் எனவும் எள்ளலோடு கூறுகின்றார். 1859இல் வெளிவந்த எமேர்சன் தெனன்றின் நூல் இதனினும் முக்கியமான ஒரு செய்தியைத் தருகின்றது. கடற்கட்டியின் ஆற்றல் பரம்பரையாக வருவது. அவனுடைய சமயத்தைப் பொறுத்ததன்று. அக்காலத்திற் குடும்பத் தலைவனாயிருந்தவன் ஓர் உரோமன் கத்தோலிக்கன் என்பதே அச்செய்தி.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1544இல் மன்னாரிற் புதிதாகக் கிறிஸ்தவந் தழுவியோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். சமயத்தின் பொருட்டு இரத்தஞ் சிந்திய அதே மண்ணிலே, கடலின் முன் அனைவரும் ஒரே மந்திரத்தை நம்பி நின்றனர். இந்துவும் முஸ்லிமும் கத்தோலிக்கனும் ஒரே கல்லின் கயிற்றைப் பற்றி இறங்கியபோது, கரையில் நின்றவனின் நா அசைவதே அவர்களுக்கு வேண்டியதாயிற்று. அவன் எத்தெய்வத்தை அழைத்தான் என்பது இரண்டாம் பட்சமாயிற்று. ஆங்கில அரசும் அவனுக்கு ஊதியம் வழங்கியது. அவனில்லையேற் குளிப்பில்லை, குளிப்பில்லையேல் வருவாயில்லை.

இப்போது லெய்லாவை மீண்டும் நோக்கலாம். கடற்கட்டியின் உண்ணாநோன்பு அவளிடம் கற்புநோன்பாகியது. பகல் இரவாகியது, எனினும் இரவில் எவனும் முத்துக் குளிப்பதில்லை. வெயிலில் நின்ற முதியவன் நிலவிலமர்ந்த கன்னியானான். முணுமுணுப்பு இன்னிசையாயிற்று. கதையாசிரியர் கடற்கட்டியைப் பற்றி அறிந்திருந்தனரா என்ற வினா ஒருபுறமிருக்க, கடலில் இறங்குவோனுக்குக் கரையிலிருந்து ஒரு குரல் வேண்டும் என்ற உண்மை ஒப்பேராவின் நடுவிலே நிற்கின்றது. எத்துணைப் பிழைகள் மலிந்திருப்பினும் அப்படைப்பு உயிரோடிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குளிப்போரின் இசை

மன்னார்க் கரையோரம் இசையற்ற நிலமன்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் மாதோட்டத் துறையை அடுத்தே அமைந்துள்ளது. கடற்றொழிலாளர் வலை இழுக்கையிலும் தோணி தள்ளுகையிலும் பாடும் அம்பாப் பாடல்கள் ஈழத்துக் கரைகள் பலவற்றிலும் வழங்கின. ஒருவன் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப்பாடும் அம்முறை, உழைக்கும் உடல்களை ஒரே தாளத்திற் கட்டுவதாகும். அதுவும் ஒரு பல்லியமே. அதன் கருவிகள் மனிதரின் தோள்களும் மூச்சுமாகும்.

கத்தோலிக்கம் புதிய இசைகளைக் கொணர்ந்தது. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் மணியொலித்துச் சிறுவரைக் கூட்டி, தமிழிலே மந்திரங்களைப் பாடிப் பயிலச்செய்தார். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது, கோவாவிலிருந்து வந்த குருமார் மறைந்து பணியாற்றினர். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். அவர் பெயரால் வழங்கும் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திற் சோகம் ததும்பும் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. பேசாலையிலே திருப்பாடுகளின் காட்சி உடக்குகளைக் கொண்டு நடிக்கப்பட்டது. ஒப்பாரியின் சாயல் கொண்ட அப்பாடல்களைக் கேட்போர், ஐரோப்பியச் சமயக்கதை தமிழரின் இழவுப் பண்ணோடு எவ்வளவு இயல்பாய் இணைந்தது என்பதை உணர்வர்.

இவற்றோடு மன்னாரின் நாடக மரபையும் சேர்த்தெண்ண வேண்டும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகளில் அங்குக் கூத்துகள் ஆடப்பட்டன. வாசாப்பு என்னும் வடிவமும் வழங்கியது. மத்தளமும் தாளமும் முழங்க, அண்ணாவியார் பிற்பாட்டுக்காரரோடு நின்று நடத்தும் இந்நாடகங்களின் கதைமாந்தர் யாவர்? என்றீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகியோர். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவமாகும். பாரிசு அரங்கு மன்னார்க் கரையைக் கற்பனை செய்தது போலவே, மன்னார்க் கொட்டகை ஐரோப்பிய அரசவையைக் கற்பனை செய்தது. பிசே இலங்கையைக் கண்டவரல்லர். என்றீக்கு எம்பரதோரை ஆடியோர் ஐரோப்பாவைக் கண்டவரல்லர்.

கேட்டலும் கேளாமையும்

ஆகவே காணாத நாட்டைப் பாடியமை பிசேயின் குற்றமாகாது. கலை எங்கும் அவ்வாறே செய்கின்றது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது.

தமிழகத்து நிகழ்ச்சியொன்றை இங்கு ஒப்புநோக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னைக் கோட்டையில் ஆங்கிலப் படையின் வாத்தியக் குழு இசைத்துவந்தது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவிலிருந்த பாலுசுவாமி தீட்சிதர் அச்சூழலிலே வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். அவர் தமையன் முத்துசுவாமி தீட்சிதர் படைவாத்தியக் குழுவின் மெட்டுகளுக்கு வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் நோட்டுசுவரம் என்ற பெயரில் வழங்குகின்றன. ஆங்கில நாட்டுப்பண்ணின் மெட்டும் அவற்றுள் அடங்கும். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் மேனாட்டு இசைக்குழுவையே பேணினார். இவர்கள் மேனாட்டாரைப் பற்றிக் கற்பனை செய்யவில்லை. அவர்களுடைய இசையைச் செவியாற் கேட்டனர். கேட்டதைத் தம் இலக்கணத்துள் நிறுத்தினர். வயலின் இன்று தமிழரின் இசைக்கருவியாகிவிட்டமை அக்கேட்டலின் பயனாகும்.

பிசேயின் ஒப்பேராவில் இத்தகைய கேட்டல் இல்லை. அதில் ஒலிக்கும் கீழைத்தேயச் சாயல் பாரிசிலேயே அக்காலத்தில் வழங்கிய சாயலாகும். மன்னாரின் பண் ஒன்றேனும் அதன் சுரங்களில் இல்லை. இதற்கு அவரை மட்டும் நோவதிற் பயனில்லை. அக்காலத்திற் சலாபத்தைக் காண வந்த ஐரோப்பியர் சிப்பிகளை எண்ணினர், தோணிகளை எண்ணினர், வருவாயைப் பவுணிலும் உரூபாவிலும் எழுதினர், குளிப்போன் நீருள் நின்ற நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தனர். அவர்கள் பாடியதைச் சுரப்படுத்தியோர் இலர். கடற்கட்டியின் முணுமுணுப்பைப் பேர்சிவல் பொருளற்ற ஒலியாகவே கொண்டார். அவ்வொலி தமிழ்ச் சொற்களாய் இருந்திருக்கலாமென அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

குறை அந்நியரோடு முடிவதுமன்று. தமிழ் கற்றோரும் நெடுங்காலம் இக்கரையின் இசையைக் கேட்கவில்லை. செவ்வியல் இசைக்கு வரலாறு எழுதினோம். கோயிற்பண்ணுக்கு வரலாறு எழுதினோம். விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டு மறைந்துபோன கருவியையே மீட்டுத் தந்தார். உயிரோடிருந்த அம்பாப் பாட்டும் வாசாப்பும் கற்றோரவையில் இடம்பெறத் தாமதமாயிற்று. பாமரர் கலை, மாற்றுச் சமயத்தார் கலை, மீனவர் கலை என்ற மூன்று சுவர்கள் அதற்கு முன்னே நின்றன.

பல்கலைக்கழக அரங்கும் மன்னாரும்

அச்சுவர்களைத் தகர்க்கப் பல்கலைக்கழகம் ஒருமுறை முன்வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே மாணவரைக் கொண்டு கூத்துகளைத் தயாரித்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை என அவை தொடர்ந்தன. கிராமத்து அண்ணாவிமாரிடம் பல்கலைக்கழக மாணவர் பயின்றமை அக்காலத்தில் ஒரு புரட்சியேயாகும். அதே பத்தாண்டில் அவருடைய பதிப்பு முயற்சியால் மன்னாரின் என்றீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகிய நாடகங்களும் அச்சேறின. ஏட்டிலும் நினைவிலும் கிடந்தவை நூலகத்தை அடைந்தன. ஒரு பல்கலைக்கழகம் தன் அரங்கைத் திறந்தால் ஒரு கரையின் கலை எவ்வாறு நாட்டின் கலையாக உயர்வுறும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அச்சேறியது பாடமேயன்றி ஒலியன்று. அதன் பின் வந்த ஆண்டுகள் கொடியன. போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தோணியேறித் தமிழகம் சென்று அகதி முகாம்களில் வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியும் அவற்றுள் ஒன்று. சலாபத்தில் ஒரே கயிற்றைப் பற்றிய சமூகங்கள் பிரிக்கப்பட்டன. பாட்டு ஏட்டில் இருப்பதன்று. பாடுவோர் கூடும் இடத்தில் இருப்பது. கூட்டம் சிதறும்போது எடுத்துக்கொடுப்பவன் ஓரிடத்திலும் ஏற்றுப்பாடுவோன் வேறிடத்திலும் ஆகிவிடுகின்றான். 2009இல் போர் முடிந்த பின் மக்கள் பலர் திரும்பினர். அவர்களோடு திரும்பியது எவ்வளவு, திரும்பாதது எவ்வளவு என்ற கணக்கைச் சிப்பிகளை எண்ணியோரைப் போல எவரும் எண்ணவில்லை.

மேனாட்டுப் பல்லியம் தமிழர்க்கு அந்நியமானது என்று கூறி ஒதுக்குவது இதற்கு மருந்தாகாது. வயலினை ஏற்ற மரபு அவ்வாறு கூறுதல் நகைப்புக்கிடமாகும். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, தமிழர் ஒருவர் அப்பெருங்குழுவின் மொழியிலே பேச வல்லவர் என்பது மீண்டும் உறுதியாயிற்று. கருவிகளில் அந்நியமில்லை, கேளாமையிலேயே அந்நியம் உள்ளது.

ஆதலால் நம் பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள பணி இரு பகுதியுடையது. மன்னார்க் கரையின் அம்பாவையும் வியாகுல இராகங்களையும் வாசாப்பின் மெட்டுகளையும், அவற்றை இன்னும் நினைவிற் கொண்டுள்ள முதியோரிடமிருந்து ஒலிப்பதிவு செய்து சுரப்படுத்துதல் முதலாவது. இதனைத் தமிழ் மாணவரும் இசை மாணவரும் வரலாற்று மாணவரும் கூடியே செய்தல் வேண்டும். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய முத்திறத்தார் ஊர்களுக்கும் செல்லுதல் வேண்டும். இவ்வாறு கிடைத்த இசையை ஒரு நரம்புக் குழுவும் ஓர் ஊதுகருவிக் குழுவும் மேடையில் ஏற்று வாசிக்கத்தக்கதாக ஆக்குதல் இரண்டாவது. அப்போது பிசேயின் நண்பர் பாடலும் அதே மாலையில் இசைக்கப்படலாம். அதனை விலக்கவேண்டிய தேவை எவர்க்கும் இராது. பாரிசு நகரின் இளைஞனொருவன் காணாத கரையைப் பற்றிக் கண்ட அழகிய கனவு அதுவெனச் செவிமடுத்து, அடுத்து அக்கரையே பாடுவதை அவையோர் கேட்பர்.

சலாபத்தின் பார்களில் இன்று குளிப்போர் இல்லை. கடற்கட்டியின் பரம்பரையும் அவன் மந்திரமும் வரலாற்றுக் குறிப்புகளாகிவிட்டன. அவன் கரையில் நின்று செய்த தொழிலின் சாரம் மட்டும் இன்றும் எஞ்சியுள்ளது. ஆழத்தில் இறங்கியவன் மேலெழும்வரை குரலை நிறுத்தாதிருத்தலே அச்சாரம். மறதியின் ஆழத்திற் கிடக்கும் இசையொன்றை மேலே கொணர முனைவோர்க்கும் அத்தகைய கயிறும் குரலும் வேண்டும். அக்கயிற்றைப் பற்றும் கை பல்கலைக்கழகத்தினுடையதாக இருத்தல் தகும்.